நாலே காலுக்கு நூறு வாட்

குளிர் நாட்டு நகரமான கௌனாஸின் ஓரத்தில், ஆய்வுக்கூடத்தின் பின்வெளியில் இரண்டு வீடுகள் அச்சில் வார்த்தாற்போல நிற்கும். ஒன்றுக்குப் பழைய கான்கிரீட் சுவர். மற்றதற்கு, குளிரை உள்ளே விடாது என்று சொல்லப்படும் புதுப் பலகைச் சுவர். இரண்டிலும் ஒரே மாதிரி குடும்பம் நடக்கிறது, ஆள்தான் கிடையாது. கறுப்புத் தகர உருளைக்குள் ஒரு நூறு வாட் பல்பு: அதுதான் மனிதர். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பும் ஏறக்குறைய அவ்வளவு சூட்டைத்தான் விடும். நேரத்துக்கு விளக்கு எரியும், குழாய் திறக்கும், அடுப்பு சூடாகும். எந்த வீடு குறைந்த மின்சாரத்தில் கதகதப்பாக இருக்கிறதோ, அந்தச் சுவர் ஜெயித்தது.

இந்த ஆளில்லாக் குடும்பங்களைப் பதினோரு வருடமாகப் பராமரிப்பவள் ஆல்தோனா. வயது ஐம்பத்தெட்டு, வாய் கொஞ்சம் நீளம். பல்பு மாற்றுவதும் கதவிடுக்குகளுக்கு நாடா ஒட்டுவதும் அவள் வேலை. போன வருடம் ஒரு சராசரிக் குடும்பத்தின் நாளைப் புதிதாக அட்டவணை போட வேண்டும் என்று பொறியாளர்கள் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவள் ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தாள். நாலே காலுக்குக் கணவன் ஆலையிலிருந்து வருவான். ஆறு நிமிடம் கை கழுவுவான். குளியலறை விளக்கை அணைக்க மறப்பான். நாலே முக்கால் வரை சமையலறை மேசையில் மனைவியோடு தேநீர். அச்சு அசலாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். இருக்காதா பின்னே? அது அவள் வீடு. கணவர் புரோன்யுஸ் சாவதற்கு முந்தைய வருடம்.

தினமும் வேலை முடிந்து, நாலே காலுக்குப் புது வீட்டுக்குள் போய் மேசையருகே உட்காருவாள். குழாய் ஓடும், நிற்கும். பிறகு எதிர் நாற்காலிப் பக்கமிருந்து லேசாகக் கதகதப்பு வரும். உருளைகள் மூலையில் இருக்கின்றன. அந்தச் சூடு அவற்றிலிருந்து வரவில்லை என்று பல்பு மாற்றுகிறவளுக்குத் தெரியாதா? முதல் நாள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். மூன்றாம் நாள் எதிரே ஒரு வெறும் கோப்பையை வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை இறந்தவருக்கென்று ஒரு தட்டு வைக்காத வீடு அங்கே குறைவு. வருடத்துக்கு ஒரு நாள் வைத்தால் வழக்கம், தினமும் வைத்தால் பைத்தியம் என்பார்கள். ஆகவே யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்த அரைமணி நேரமும் போய்விட்டால் தனக்கு வேறு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரியில் ரீதிஸ் கண்டுபிடித்தான். சோதனைக் கணக்கைப் பார்க்கும் பொறியாளன் அவன். ஒரு எண் உதைத்தால் சாப்பாடு இறங்காத ஆள். புது வீட்டின் சமையலறை ஹீட்டர் தினமும் நாலே காலுக்குப் பிறகு சுமார் அரைமணி நேரம், உருளைகளின் சூட்டைக் கழித்த பிறகும், கணக்கைவிட இருநூறு வாட் குறைவாக இழுக்கிறது. இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்திருந்தால்தான் அப்படி ஆகும். அவளைக் கூப்பிட்டு, யாரையாவது உள்ளே தங்க வைத்திருக்கிறாளா என்று கேட்டான். தன் பிளாட்டிலேயே மூன்று பேருக்கு இடமிருக்க இந்த டப்பா வீடு எதற்கு என்று அவள் சீறினாள். பிறகு குரல் இறங்கிற்று.

"நான்தான் தம்பி. போய் சும்மா உக்காருவேன்."

"நீங்க நூறு வாட்டும்மா. இன்னொரு நூறு யாரு?"



அவன் திட்டவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்கு யாரும் போகக் கூடாது என்று கதவுக்கு முத்திரை ஒட்டினான். அந்த வாரம் முழுக்க ஆல்தோனாவுக்கு ஒரே நினைப்பு. திரையில் அந்தக் குறைவைக் காட்டும் கோடு பூஜ்யத்துக்கு வந்துவிட்டால்? எல்லாம் தன் மூளை கிளப்பிய சூடு என்று ஆகிவிட்டால்?

எட்டாம் நாள் மாலை ரீதிஸ் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"முத்திரை கிழியல. உங்க நூறு போயிடுச்சு. இன்னொரு நூறு அப்படியே இருக்கு."

அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஆனால் அவன் முடிக்கவில்லை. விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே சொன்னான்.

"மொத நாள் அரைமணி நேரம். மறுநாள் ஒரு மணி. தினமும் நீண்டுக்கிட்டே போகுது. நேத்து விளக்கு வெச்சு ரொம்ப நேரமாகியும் எந்திரிக்கல."

வந்த சந்தோஷம் அந்தக் கணமே போயிற்று. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"சாவியக் குடுங்க தம்பி."

"மார்ச் வரைக்கும் தொறக்கக் கூடாதும்மா. இந்தக் குளிர்காலச் சோதனையே பாழாயிடும்."

"பாழாகட்டும். ஏழு நாளா எனக்காகத் தனியா உக்காந்திருக்கார்."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபத்திரண்டு. திரையில் அன்றைய கோடு ஏற்கெனவே ஏறியிருந்தது.  ரீதிஸ் இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.