வடக்குச் சுவரில் என் முகம்

எங்கள் ராமநாதபுரம் பக்கம் குளிரே கிடையாது என்று அடித்துச் சொல்கிறவர்கள் எல்லாரும் சித்திரை வெயிலில் ராமேசுவரத்துக்கு வந்து போனவர்கள். என்னோடு வேலை பார்க்கும் கோத்தகிரிக்காரி ஒருத்தி, "உங்க ஊர்ல ஸ்வெட்டர் விக்கிற கடை இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிக்கட்டும். மார்கழியில் மழை விடாமல் பிடித்து, தேவிபட்டினத்துக் கடல் பக்கமிருந்து வாடையும் கிளம்பிவிட்டால் ஓட்டு வீட்டுக்குள் பாய், தலையணை, தீப்பெட்டி எல்லாம் சில்லிட்டுப் போகும். அதிலும் எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்ட, ஒண்ணே முக்கால் கிலோ பிள்ளையை அந்தக் குளிர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அந்த ஆவணியில்தான் எனக்குச் சடங்கு வைத்தார்கள். அம்மாவின் தம்பியான என் மாமா, தாய்மாமன் கெத்தைக் காட்ட எட்டுக்கு ஆறில் ஃப்ளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டினார். வாடகை நகையும் பட்டுப் பாவாடையுமாக நடுவில் நான். ஸ்டுடியோக்காரர் அவர் இஷ்டத்துக்கு எனக்குப் பின்னால் ஒரு பனிமலையை வைத்துவிட்டார். மூலையில் வட்டத்துக்குள் மாமா கைகூப்பி நின்றார். அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பக்கம் வேலையே இல்லாமல் நாலு தரம் போய்வந்தேன்.

சடங்கு வீட்டில் அம்மா முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றை மூடிக்கொண்டிருந்தாள். ஏன் என்று அடுத்த மாதம் ஊருக்கே தெரிந்துவிட்டது. பதின்மூன்று வருடம் கழித்து அம்மா மறுபடியும் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஊர் வாயைக் கேட்க வேண்டுமா! பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரி எல்லார் முன்னாலும், "ஏடி, உங்க வீட்டுல பேறுகாலம் உனக்கா, உங்கம்மாவுக்கா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவோடு பேசாமல் இருந்தேன். தட்டை வைத்தால் சாப்பிடுவேன், முகத்தை மட்டும் பார்க்க மாட்டேன். கார்த்திகைக் கடைசியில் தம்பி பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் கிடந்து வீடு வந்து சேர்ந்தான். அவனைத் தூக்கச் சொன்னபோது, "எனக்குப் பயமா இருக்கு" என்று நழுவினேன். பயமெல்லாம் இல்லை. வெட்கம்.

அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கரி மூட்டம் போடுகிற வேலை. சீமைக்கருவேல விறகைக் குவித்து, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் பூசித் தீ வைத்து, காற்றுப் புகாமல் நாள் கணக்கில் வேகவிடுவார்கள். எங்கேயாவது பொத்தல் விழுந்து காற்றுப் போனால் கரியெல்லாம் சாம்பல். அதனால் காற்று எந்த வழியாக நுழையும் என்று பார்ப்பதில் அவர் கெட்டிக்காரர். வீடு நிறையக் கரி இருக்க, சட்டியில் கங்கு போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்தால் கதகதப்பாக இருக்குமே என்று அவர் நினைத்தார். பிள்ளை பார்க்க வந்த நர்சம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யா சாமி, அந்த வேலை மட்டும் வேணாம். அடச்ச வீட்டுக்குள்ள கங்கு வச்சா தாயும் பிள்ளையும் தூக்கத்துலயே போயிருவாக. காத்த மறைங்க, தலைக்குக் குல்லா போடுங்க. பிள்ளைய வெறும் மேலோட நெஞ்சுல போட்டு மேல துணியப் போத்திக்கிரணும். தாயால ஏலாதப்ப நீங்க போட்டுக்கங்க. ஒடம்போட மேல்சூடுதான் மருந்து."

மறுநாளே அய்யா வீட்டையே ஒரு மூட்டமாக நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துகளைப் பனைநாரும் களிமண்ணும் வைத்து அடைத்தார். மூச்சுக்கு வேண்டுமே என்று தெற்கே மட்டும் ஒரு சாண் இடைவெளி விட்டார். மிச்சம் இருந்தது வடக்குச் சன்னல். கம்பி உண்டு, கதவு இல்லை. கரையான் தின்று வருடக்கணக்காகிவிட்டது. அய்யா யோசித்தபடி கொல்லைக்குப் போனார். ஆட்டுக்கொட்டகை மேலே சுருட்டி வைத்திருந்த என் ஃப்ளெக்சோடு வந்தார்.

எங்கள் வீட்டு வடக்குச் சுவர் ரோட்டைப் பார்த்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிற்கிற இடம். தேவிபட்டினத்திலிருந்து வருகிற பஸ், அங்கே போகிற பஸ் எல்லாம் அங்கேதான் நிற்கும்.

"படத்த உள்பக்கமா திருப்பிக் கட்டுங்க அய்யா" என்றேன்.

"ஏத்தா, வழவழன்னு இருக்கிற பக்கம் வெளிய இருந்தாத்தான் மழத்தண்ணி நிக்காம ஓடும். பின்பக்கம் ஈரம் குடிச்சிரும்" என்றார். பிறகு இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்து, "எம்புட்டு லட்சணமா இருக்கு எம்புள்ள!" என்று வேறு சொன்னார். மனிதருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! பஸ் நின்றால் பையன்கள் எட்டிப்பார்த்து, "ஏலே, போஸ்டர் புள்ள வீடுடா" என்று கத்துவார்கள். என் சடங்கை அறிவிக்கிற படத்துக்குப் பின்னாலிருந்து என் அம்மாவின் கைக்குழந்தை அழுகிற சத்தம் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று நினைத்தாலே காது சூடாகும். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் டீச்சர், "நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை நாங்க நாலஞ்சு பேரு உன் தம்பியப் பாக்க வாரோம்" என்றார். நாலஞ்சு பேரில் என் பெஞ்சுக்காரியும் உண்டு.

சனிக்கிழமை காலையிலிருந்தே நசநசவென்று மழை. மூட்டத்தில் மண் கரைந்துவிடும் என்று அய்யா மத்தியானமே ஓடினார். "காத்து உள்ள வராமப் பாத்துக்கத்தா" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். ராவெல்லாம் தம்பியை நெஞ்சில் போட்டு உட்கார்ந்தபடியே இருந்த அம்மா, அவனைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டு அடித்துப்போட்டதுபோலத் தூங்கிவிட்டாள்.

நான் பென்சில் சீவுகிற பிளேடை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அறுத்து, திருப்பி, மறுபடி கட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம், சத்தியமாக. கீழ் முடிச்சு இரண்டையும் அறுத்தேன். ஸ்டூல் போட்டு மேல் முடிச்சு ஒன்றை அறுத்தேன். அடுத்ததை அறுத்த உடனே வாடை உள்ளே புகுந்து ஃப்ளெக்ஸ் கப்பல் பாய் மாதிரி உப்பியது. கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓட்டுக்கு மேலே பறந்து, கொல்லைக்குப் பின்னாலிருந்த ஊருணிக்கரைக் கருவேலமரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. பனிமலை கிழிந்து தொங்கியது.

ஓடிப்போய் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். அம்மாவை எழுப்பியிருக்கலாம். சன்னலில் ஒரு சாக்கையாவது கட்டியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. சனியன் ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன், அதுதான் உண்மை. மழை விட்டதும் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இரண்டு தெரு தள்ளியிருந்த மாமா வீட்டுக்கு டிவி பார்க்கப் போனேன். ஒரு முழுப்படம் பார்த்தேன். அத்தை கொடுத்த முறுக்கைத் தின்றேன். அந்த முறுக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அம்மாவின் சத்தம் கேட்டுத்தான் தெருவே ஓடியது. நான் போய்ச் சேர்ந்தபோது சன்னல் வழியாகச் சாரல் அடித்துக் கட்டில் நனைந்து கிடந்தது. தம்பி அழவில்லை. கால் சில்லிட்டு, உதடு நீலம் பாரித்து, பொம்மைபோலக் கிடந்தான். "அழமாட்டேங்குறானே, அழமாட்டேங்குறானே" என்று அதையே சொல்லிக்கொண்டு அம்மா அவனை ஈரத்துணியிலிருந்து உருவி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். அவள் உடம்பே வெடவெடவென்று நடுங்கியது. யாரோ போன் போட்டு அய்யா மூட்டத்திலிருந்து வந்து சேர்ந்தார். தலையிலிருந்து கால்வரை கரி. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு சேர்த்து அணைத்தார். தீப்பக்கத்திலேயே நின்ற உடம்பு, நல்ல சூடு.

ராமநாதபுரம் போகிற பஸ்ஸை நடுரோட்டில் மறித்தார்கள். டிரைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏறுங்க, எங்கயும் நிக்காது" என்றார். கண்டக்டர் சன்னல் ஷட்டரையெல்லாம் இறக்கச் சொன்னார். பெரியபட்டினத்துக்குப் போகிற ஒரு பாயம்மா, பையிலிருந்த புதுப்போர்வையைப் பிரித்து அய்யா மேல் சுற்றி, "அல்லா காப்பாத்துவான்" என்றார். இத்தனை பேருக்கும் அவன் யாரோ. அக்கா நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்துப்போனால் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களா என்று யோசித்தேன். அவன் சாகக்கூடாது என்று நினைப்பதற்கு முன்னால் எனக்கு இந்த யோசனைதான் வந்தது. வெட்கம்கெட்ட சமாச்சாரம், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். பாதிவழியில் போர்வைக்குள்ளிருந்து பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு நன்றாகவே அழுதான். பஸ்ஸில் பாதிப்பேர் அழுதார்கள்.

ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். அய்யா வராந்தாவில் என்னையும் அம்மாவையும் பார்த்து, "நல்லா இறுக்கித்தான கட்டுனேன், எப்பிடி அந்துச்சு?" என்று கேட்டார்.

"காத்துதேன்" என்றாள் அம்மா. "நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். வந்த காத்து ஒரே பிய்யாப் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

ஃப்ளெக்ஸ் பறந்தபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் உளறுகிறாள், நம் நல்ல நேரம் என்று நினைத்தேன். டீச்சருக்கு விஷயம் போய், ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. அதற்கும் சந்தோஷப்பட்டேன். அய்யா மரத்தில் ஏறி ஃப்ளெக்சை எடுத்து, கிழிசலைத் தைத்து மறுபடி கட்டினார். இந்தத் தடவை படம் உள்பக்கம். மழைத்தண்ணீர் நிற்குமே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பியில் தொங்கிய கயிற்று நுனிகள் பிளேடு வெட்டாக, நேராக இருந்ததை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? அதெல்லாம் அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை.

தை பிறந்து, தம்பிக்குத் தடுப்பூசி போட ராமநாதபுரம் போனோம். அம்மாவும் அவனும் நானும். பஸ்ஸுக்கு நடக்கும்போது அம்மா பத்தடி பின்னாலேயே வந்தாள். நான் நின்றால் அவளும் நின்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் அவளோடு வந்தவள் என்று தெரியாதபடி இரண்டு சீட் முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நின்றுகொண்டேன். அம்மாவின் பக்கத்தில் இருந்த பெண் குழந்தையைக் கொஞ்சிவிட்டு, "தலைச்சனா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் அம்மா.

"அந்தா நிக்கிற பாவாடைத் தாவணி ஒங்களையே திரும்பித் திரும்பிப் பாக்குதே, ஒங்க புள்ளையா?"

அம்மா என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தம்பியின் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டபடியே, "இல்லத்தா, அது எங்க ஊருப் புள்ள" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அம்மாவுக்குக்கூட இவ்வளவு சமர்த்து இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டு, மீதி வழி முழுக்க நிம்மதியாக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன்.