படியில் ஒரு கால், தரையில் ஒரு கால்

போன ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, எட்டு மாதக் குழந்தையோடு நான் தனியாகச் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் போக வேண்டியிருந்தது. அன்று மாலை நான்கு மணிக்கு அங்கே என் தங்கைக்கு வளைகாப்பு. "முதல் வளையல் நீதான் போடணும்" என்று சொல்லியிருந்தாள். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

விமானமா பஸ்ஸா என்று இரண்டு வாரம் குழம்பினேன். பறப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் பொங்கோலில் வீட்டைப் பூட்டிக் கிளம்பி, விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருந்து, அங்கே இறங்கி ஊருக்குள் போவதற்குள் ஐந்து மணி நேரம் ஓடிவிடும். சாலை வழியே ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீட்டர், ஆறு மணி நேரம். குழந்தைக்குச் சளி வேறு. விமானத்தில் காது வலிக்குமோ என்று பயந்து பஸ்ஸுக்குப் பதிவு செய்தேன். செய்த மறுநிமிடமே தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றியது.

"எதுல போனாலும் அரை நாள்தான். ஏதாவது ஒண்ணுல ஏறு" என்றார் கணவர்.

லிட்டில் இந்தியா பக்கம் காலை ஏழு மணிக்கு ஏறினேன். பின் இருக்கையில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், முப்பது வயதிருக்கும். ஊரிலிருக்கும் மனைவியுடன் வீடியோவில் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார். குழந்தை விழித்துவிடுமே என்று இரண்டு முறை திரும்பி முறைத்தேன்.

எல்லையிலுள்ள துவாஸ் சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கினோம். "இருபது நிமிஷம்தான். லேட்டானா அடுத்த பஸ்ஸ நீங்களே பாத்துக்குங்க" என்றார் ஓட்டுநர். பால் பையையும் பெட்டியையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, சின்னப் பையோடு இறங்கினேன். கடப்பிதழைக் காட்டி வெளியே வந்ததும் குழந்தைக்கு வயிற்றால் போய்விட்டது. சட்டை, முதுகு, என் கை எல்லாம். கழிவறையில் துடைத்து முடித்து மணியைப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆகியிருந்தது.

பால் பஸ்ஸில். தங்கை அந்தப் பக்கம். குழந்தையை அணைத்துக்கொண்டு ஓடினேன்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அந்தப் பின் இருக்கைக்காரர் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து வாசலை அடைத்து நின்றார்.

"ஏறு லா தம்பி. உன் கால விட்டுட்டுப் போயிருவேன்" என்று ஓட்டுநர் கத்தினார்.

"ஒரு கால் ஏறிடுச்சுண்ணே. இன்னொண்ணுதான் வர மாட்டேங்குது."

என்னைப் பார்த்ததும், "மெதுவா வாங்கக்கா. புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடாதீங்க" என்றார். உள்ளே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஓட்டுநரும் முணுமுணுத்துக்கொண்டே சிரித்தார்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். "கால்தான்க்கா மரத்துப் போச்சு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் மறுபடி மனைவியை அழைத்தார். இந்த முறை நானே திரும்பிக் குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். அந்தப் பெண் குழந்தைக்கு என்ன பெயர், எத்தனை பல் என்று ஜொகூர் தாண்டும்வரை விசாரித்தாள்.

இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் வளையலை நானே போட்டேன்.

இப்போதெல்லாம் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாராவது ஓடிவரும் சத்தம் கேட்டால், எனக்கு எவ்வளவு அவசரமாக இருந்தாலும் மின்தூக்கிக் கதவை மூடவிடாமல் நிற்கிறேன். ஓடிவருகிறவருக்கு அன்று என்ன தவறிப்போகக்கூடும் என்பது நமக்குத் தெரியாதே.