தாலிக் குண்டில் ஒரு பல் தடம்

மஹ்ஜபீன் சட்டம் படித்தவர். ஆனால் கோர்ட்டில் வாயைத் திறக்க மாட்டார். வாதாடுவதில் அவருக்கு ஆர்வம் கிடையாது, ஜெயிப்பதில் மட்டும் உண்டு. இப்படிப்பட்டவருக்கும் திருச்சியில் ஒரு வேலை இருக்கிறது: அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சட்ட உதவியாளர். பதினாறு வருடமாக அதைப் பார்க்கிறார். அவர் எழுதிக் கொடுக்கும் கேள்விகளை அரசு வழக்கறிஞர் அமிர்தசாமி கோர்ட்டில் கணீரென்று கேட்பார். எதிர்பார்த்த பதில் வந்துவிட்டால், மதியச் சாப்பாட்டின்போது சாட்சியிடம் கேள்வி கேட்கும் கலையைப் பற்றிக் கொஞ்சநேரம் பேசுவார். மஹ்ஜபீன் “ஆமா சார்” என்பார். இந்த ஏற்பாடு இருவருக்குமே பிடித்திருக்கிறது.

வீடு தென்னூரில். கணவர் ஹாலித் சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமைதோறும் போனில் முகம் காட்டி, இந்த வாரம் யாரை உள்ளே தள்ளினாய் என்று விசாரிப்பார். வாரத்துக்கு ஒருவராவது இல்லாவிட்டால் அவருக்குக் குறைதான்.

மஹ்ஜபீனுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. அலுவலகத்தில் அவற்றை வியாதி என்பார்கள். முதலாவது, சாட்சியை விசாரணைக்கு முந்தின நாளே வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நடந்ததை அவர் வாயாலேயே ஒருமுறை சொல்லவைப்பது. மற்றது, திருட்டு நகையை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும்போது பக்கத்திலேயே நிற்பது. வழக்கு முடியும்வரை நகை கோர்ட் பீரோவில் தூங்க வேண்டாம் என்று, ஒரு பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, விசாரணையன்று கொண்டுவந்து காட்ட வேண்டும். கொடுப்பதற்கு முன் போட்டோ எடுப்பார்கள். பெரும்பாலான போட்டோக்களில் நகை, தட்டில் கொட்டிய மிக்சர் மாதிரி இருக்கும். மஹ்ஜபீன் அதை வெள்ளைத் துணியில் பிரித்துப் பரப்பி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, முன்னாலும் பின்னாலும் எடுக்கச் சொல்வார். போட்டோக்காரர், கல்யாண ஆல்பம் போடவா என்று முனகிக்கொண்டே எடுப்பார்.

இருசம்மாளின் தாலிச் சங்கிலியும் அப்படித்தான் எடுக்கப்பட்டது.

இருசம்மாள் லால்குடி மார்க்கெட்டில் பூ விற்பவர். போன வருடத்துக்கு முந்தின ஆடிப் பதினெட்டுக்கு, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள வந்தார். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. ஈரத்துண்டைத் தலையில் போட்டு முகத்தை மூடியிருந்த ஒருவன் சங்கிலியைத் தாலியோடு அறுத்துக்கொண்டு கூட்டத்தில் கரைந்துவிட்டான். முகத்தை யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில், அங்கே வேலை பார்த்த ஒருவனின் கிரீஸ் டப்பாவுக்குள் சங்கிலி கிடைத்தது. ஆக, அவனையும் படித்துறையையும் இணைப்பது அந்த நகை ஒன்றுதான். அது என்னுடையது என்று இருசம்மாள் கோர்ட்டில் சொல்லிக் காட்டினால் வழக்கு நிற்கும். காட்ட முடியாவிட்டால் அவன் வீட்டுக்குப் போவான்.

விசாரணைக்கு முந்தின நாள் அவரை அழைத்துவந்தவர் ஏட்டு கலையரசன். டீ வந்தது. மஹ்ஜபீன் நகையைக் கழற்றித் தரச் சொல்லி, துணியில் பரப்பி, போட்டோவைப் பக்கத்தில் வைத்தார். போட்டோவில் இருந்தது முறுக்குச் சங்கிலி. துணியில் பளபளவென்று கிடந்தது கோதுமை செயின்.

“அக்கா, பழைய சங்கிலி எங்க?”

இருசம்மாள் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார். சங்கிலி வீட்டுக்கு வந்த அதே வாரம் லால்குடிப் பத்தரிடம் கொடுத்து உருக்கிவிட்டார். கண்டவன் கை பட்டது, கிரீஸில் ஊறியது. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எப்படி விளக்கேற்றுவது? பத்தரும் அதே பவுனில் புதிதாகச் செய்து, ரசீதோடு கொடுத்துவிட்டார்.

கலையரசனுக்கு இது வரும் வழியிலேயே தெரிந்திருந்தது. தீர்வையும் அவரே சொல்லிக்கொடுத்திருந்தார்: இதுதான் அது என்று சொல்லிவிட வேண்டியது.

“கண்ணியை எண்ணிப் பாக்கவா போறாங்க மேடம்?” என்றார்.

“எண்ணுவாங்க ஏட்டு. போட்டோ காப்பி எதிர்த்தரப்பு வக்கீல் பாலு சார்கிட்ட இருக்கு. அதுல ஒவ்வொரு கண்ணியும் தெரியுற மாதிரி எடுக்கச் சொன்னதே நான்தான்.”

நன்றாக வேலை செய்தால் இதுதான் தொல்லை. மோசமான போட்டோவாக இருந்தால் பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

மாற்றக் கூடாது என்று பத்திரத்தில் இருந்ததே, நான்தானே வாசித்துக் காட்டினேன் என்று மஹ்ஜபீன் கேட்டார். இருசம்மாளுக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

“தாலியை எங்கம்மா மாத்தினேன்? சங்கிலியைத்தானே மாத்தினேன்.”

போலீஸ் பட்டியலில் ‘தாலிச் சங்கிலி ஒன்று, ஐந்து பவுன்’ என்று இருந்தது. எழுதியவருக்குச் சங்கிலிதான் சொத்து, தாலி அதில் தொங்குவது. கையெழுத்துப் போட்டவருக்குத் தாலிதான் சொத்து, சங்கிலி அதைத் தாங்கும் கொடி. இரண்டு பேரும் ஒரே காகிதத்தை ஒப்புக்கொண்டு போயிருக்கிறார்கள். மஹ்ஜபீன் தன் கழுத்துக் கருகமணியை ஒருமுறை தொட்டுக்கொண்டார். அது அறுந்து, போன வருடம் புதுக் கம்பியில் கோத்தது. கருகமணி மாறிவிட்டது என்று அவருக்கும் தோன்றவில்லை.

இனி சங்கிலியைப் பார்த்துப் பயனில்லை. தாலியைப் பார்த்தார். போட்டோவில் தாலிக்கு வலப்பக்கத்துக் குண்டில் அருகருகே இரண்டு சின்னப் பள்ளங்கள். துணியில் கிடந்த குண்டைத் திருப்பினார். அங்கேயும் இரண்டு.

“இது என்னக்கா?”

“சுபஸ்ரீ கடிச்சதும்மா. எட்டு மாசக் குழந்தை அப்போ, கீழ்ப்பல்லு ரெண்டுதான் முளைச்சிருந்துச்சு. இப்போ காலேஜ் போறா.”

மஹ்ஜபீன் இன்னொரு டீ சொன்னார். அவர் சந்தோஷப்பட்டால் அப்படித்தான் தெரியும்.

அமிர்தசாமிக்குச் சந்தோஷமில்லை. பேசாமல் ஒரு வாய்தா வாங்கிவிடலாம் என்றார்.

“வாய்தா வாங்கினா புதுச் சங்கிலி பழசாகும் சார். பழைய சங்கிலி ஆகாது. உருக்கினதை நாமளே முதல்ல சொல்லிடலாம்.”

“நம்ம சாட்சியோட தப்பை நாமளே சொல்றதாம்மா?”

“எதிர்த்தரப்பு சொன்னாத்தான் சார் தப்பு. நாம சொன்னா விவரம்.”

அமிர்தசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சம்மதம் என்று அர்த்தம். மஹ்ஜபீன் கேள்விகளைத் திருத்தி எழுதினார். இருசம்மாளிடம் ஒன்றுதான் சொல்லி அனுப்பினார்: நடந்ததைச் சொல்லுங்கள், ஏட்டு சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடுங்கள். கலையரசன் சுவரில் இருந்த காலண்டரை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கோர்ட்டில் வக்கீல் பாலு இரண்டு போட்டோக்களையும் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். சாட்சியின் கழுத்தைப் பார்த்ததுமே அவர் முகத்தில் ஒரு திருப்தி. தன் முறைக்காகக் காத்திருந்தார். அமிர்தசாமி படித்துறையில் நடந்ததைக் கேட்டு முடித்து, மூன்றாவது கேள்விக்கு வந்தார்.

“இப்போ கொண்டுவந்திருக்கிறது அன்னிக்கு அறுத்த அதே சங்கிலியா?”

“இல்லைங்க. அதை உருக்கிட்டேன். தாலியும் குண்டும் அதேதாங்க.”

பாலு பெரிதாக்கிய போட்டோக்களை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். பத்தரின் ரசீது, குண்டு, லென்ஸ் எல்லாம் மேஜைக்குப் போயின. மாஜிஸ்திரேட் குண்டையும் போட்டோவையும் மாறிமாறிப் பார்த்தார். கோர்ட் உத்தரவை மீறியதற்காக இருசம்மாளைக் கண்டித்தார். கண்டித்ததைப் பதிவும் செய்தார். பள்ளங்கள் இரண்டு என்பதும் பதிவானது.

பாலு விடவில்லை. விடாமலிருக்கத்தானே அவரை வைத்திருக்கிறார்கள். உத்தரவை மீறியவர் பொய்யும் சொல்லலாம் இல்லையா என்றார். குண்டில் பள்ளம் யாருக்கு வேண்டுமானாலும் இருக்கும் என்றார்.

“மீறினதுக்குத்தான் ஐயா திட்டிட்டாருங்களே,” என்றார் இருசம்மாள். “பள்ளம் எல்லாருக்கும் இருக்கும்ங்க. இது என் பொண்ணு பல்லு. வேணும்னா கூட்டிட்டு வரேன். ஆனா இப்போ பல்லு பெருசாயிருச்சு.”

மாஜிஸ்திரேட் குனிந்து எதையோ எழுதினார். சிரிப்பை மறைக்க நீதித்துறையில் அனுமதிக்கப்பட்ட வழி அது ஒன்றுதான். பாலு உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கிரீஸ் டப்பாவின் சொந்தக்காரனுக்குத் தண்டனை. பதினோரு பக்கத்தில் ஒரு முழுப் பத்தி, போட்டோ தெளிவாக இருந்ததைப் பற்றியும் இரண்டு பள்ளங்களைப் பற்றியும். எடுக்கச் சொன்னவர் பெயர் அதில் இல்லை. மஹ்ஜபீன் அந்தப் பத்தியை மட்டும் போனில் படமெடுத்துத் தம்மாமுக்கு அனுப்பினார். அன்று மதியம் அமிர்தசாமி, சாட்சியின் பலவீனத்தைத் தானே முன்வந்து சொல்வதுதான் தன்னுடைய பாணி என்று விளக்கினார். “ஆமா சார்.”

ஆனால் தப்பு தன் மேலும் உண்டு என்பதில் மஹ்ஜபீனுக்குச் சந்தேகமில்லை. பத்திரத்தை வாசித்தார், புரிந்ததா என்று கேட்டார், இருசம்மாள் தலையாட்டியதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இப்போது அப்படி விடுவதில்லை. வாசித்து முடித்ததும் காகிதத்தை மூடிவைத்துவிட்டு, தாலி, சங்கிலி, கொக்கி என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டுகிறார். எல்லாம் இப்படியே இருக்க வேண்டும், மனசு கேட்கவில்லையென்றால் மஞ்சள் தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள், கேஸ் முடியும்வரை பத்தர் கடைப் பக்கம் போகாதீர்கள் என்கிறார்.

போன வாரம் திருட்டுப்போன சங்கிலியைத் திரும்ப வாங்க வந்த பெண் கவனமாகக் கேட்டுக்கொண்டு, ஒரு சந்தேகம் கேட்டார்.

“திருஷ்டி சுத்திப் போடலாமாங்க?”

மஹ்ஜபீன் பத்திரத்தைத் திரும்பப் பிரித்து, நிபந்தனைகளை ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்த்தார்.

“போடலாம்,” என்றார்.