பஃபே கடையில் அம்மாவின் தட்டு

சிரம்பானில், தெமியாங் பக்கம் போகிற சாலையில் ஒரு சீனர் பஃபே கடை இருக்கிறது. எங்கள் வீட்டில் நல்ல காரியம் எது நடந்தாலும் அங்கேதான் போவோம். பத்து வருடம் அப்படிப் போனோம். ஒரு முறைகூடச் சாப்பாடு நன்றாக இருந்ததில்லை. பொரித்ததெல்லாம் நமுத்துப்போயிருக்கும். சூப் ஆறியிருக்கும். கோழி, இறால், கணவாய் என்று பெயர்தான் வேறு வேறு, எல்லாவற்றின் மேலும் ஒரே சிவப்புச் சாறு. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வாயைத் திறப்பது என்று நானும் தின்றுவிட்டு வந்துவிடுவேன்.

அந்த வழக்கத்தை ஆரம்பித்துவைத்த புண்ணியவதி நான்தான். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தார். நான் செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. என்னைவிடப் பதினொரு வயது இளைய தம்பி பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் இருந்தான். ஒரு நாள் பேருந்தில் அந்தக் கடையைத் தாண்டும்போது அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து, "எவ்ளோ லைட்டு போட்டுருக்கான் பாரு," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்மாவுக்கு அங்கே சாப்பிட ஆசை என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

முடிவுகட்டியதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. எங்களுக்குப் போடுவார், குழம்பு ஊற்றுவார், அப்பளம் எடுத்து வருவார், நாங்கள் கை கழுவிய பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார். உட்காரச் சொன்னால், "இதோ வரேன்," என்பார். அந்த "இதோ" வந்ததே இல்லை. பஃபே கடையில் அம்மா யாருக்கும் பரிமாற வேண்டாம். எல்லோரும் எழுந்து போய் எடுத்துக்கொள்கிற இடம். அங்கேயாவது அவர் எங்கள் எதிரில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். என் ஆசை இவ்வளவுதான்.

தம்பியின் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த அன்று முதன்முதலாகப் போனோம். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது விசேஷம் என்று சொன்னால் வேலை செய்கிற பெண்கள் நான்கு பேர் கைதட்டிக்கொண்டு வந்து ஒலிபெருக்கியில் பிறந்தநாள் பாட்டைப் போடுவார்கள். தம்பி தேர்வில் தேறியதற்கும் பிறந்தநாள் பாட்டுத்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா சிரித்துக்கொண்டே கைதட்டினார். அவருடைய தட்டில் தோலோடு நறுக்கிய ஆரஞ்சுத் துண்டுகள் இரண்டு இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

"என்னம்மா இது?"

"எனக்குப் போதும். நீங்க சாப்புடுங்க."

மாட்டிறைச்சிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அடுத்த முறை போனபோது நேரே சமையல்கட்டு வாசலுக்கே போய் விசாரித்துவிட்டு வந்து, "மாடு கெடையவே கெடையாதாம், தைரியமா தின்னு," என்றேன். அப்போதும் ஆரஞ்சுதான். அன்று வெள்ளிக்கிழமை, அம்மா சைவம் போலிருக்கிறது என்று அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமையும் ஆரஞ்சு, மூடி பிரிக்காத குட்டி ஐஸ்கிரீம் ஒன்று, மேசைக்கு வருகிற சீனத் தேநீர். பல்வலியோ என்று பல் மருத்துவரிடம்கூட அழைத்துக்கொண்டு போனேன். பல் ஒவ்வொன்றும் கல் மாதிரி இருக்கிறது என்று அவர் பாராட்டி அனுப்பினார். நானே தட்டு நிறைய எடுத்து வந்து முன்னால் வைத்தால், "வயிறு ஒரு மாதிரியா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே அதை மெல்லத் தம்பி பக்கம் நகர்த்திவிடுவார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அந்த வயிறு சரியாகிவிடும். புடவையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குப் போய், காலையில் வடித்த சோற்றில் நெத்திலிச் சம்பலை வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு முறை, "இதுக்கா ஒன்ன அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போனேன்?" என்று கத்தியே விட்டேன். அம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். மறுநாள் எனக்குப் பிடித்த பருப்பு ரசம் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் சண்டைகள் அப்படித்தான் முடியும்.

எனக்கு லைன் லீடராகப் பதவி உயர்வு கிடைத்தபோதும் அங்கேதான் போனோம். அன்று நல்ல கூட்டம். சமையல்கட்டிலிருந்து புதிதாகப் பொரித்த மீ நூடுல்ஸ் ஒரு பெரிய தட்டில் ஆவி பறக்க வந்தது. ஆச்சரியம், அம்மா தானாகவே எழுந்து காலித் தட்டோடு அதை நோக்கிப் போனார். நான் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவருக்கு முன்னால் ஓர் ஆள் நின்றார். கையில் பாதி தின்ற தட்டு, அதில் கடித்துப் போட்ட கோழி எலும்பு. அவர் கரண்டியால் மீயை அள்ளித் தன் தட்டில் போட்டு, கரண்டியை அந்தத் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, மறுபடியும் மீக்குள்ளேயே சொருகிவிட்டுப் போனார். அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கரண்டியையே பார்த்தார். பிறகு திரும்பி ஆரஞ்சு இருந்த பக்கம் நடந்தார்.

எழுந்து போய் அம்மாவை மறித்தேன். "அதானா?"

"எச்சிக் கரண்டிம்மா," என்றார், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போல.

எனக்கு ஏன் இது தோன்றாமல் போனது என்று இன்றுவரை புரியவில்லை. எச்சில் பார்க்கிற வீட்டில்தானே வளர்ந்தேன். உதட்டில் வைத்துக் குடித்த குவளையைக் கழுவாமல் வைத்தால் அம்மா அதைத் தொடமாட்டார். குழம்பில் உப்புப் பார்க்க வேண்டுமானால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத்தான் நக்குவார், கரண்டியை வாயருகே கொண்டுபோக மாட்டார். சாப்பிடுகிற தட்டில் கரண்டி பட்டுவிட்டால் அந்தக் கரண்டி மறுபடி சட்டிக்குள் போகாது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த அவருக்கு இதெல்லாம் யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்ததல்ல. ஆனால் நானும் தம்பியும் கடித்து வைத்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அது எச்சில் இல்லையாம். ஊரான் எச்சில்தான் எச்சில். அந்தக் கடையில் இருந்ததெல்லாம் ஊரான் எச்சில்.

"ஏம்மா இத்தன வருசமா சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் ஆசையா சாப்புடுறீங்க. நான் சொன்னா அப்புறம் ஒங்களுக்கு எறங்குமா?"

அறிவுள்ளவர்களாக இருந்தால் அன்றோடு கடையை மாற்றியிருப்போம். எனக்கோ வீம்பு வந்துவிட்டது. ஆசைப்பட்ட இடத்துக்கு வந்து வருடக்கணக்காகப் பசியோடு திரும்பியிருக்கிறார் என் அம்மா. மீயை நோக்கி அவர் எழுந்து போனதைக் கண்ணால் பார்த்தேனே. ஒரு தடவையாவது இதே கடையில் அவரைச் சாப்பிட வைக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

போன வருடம் அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமைக்கு மேசை சொல்லிவைத்தேன். கடை பதினொன்றரைக்குத் திறக்கும். பதினொரு மணிக்கே மூவரும் வாசலில் போய் நின்றோம். அம்மா அன்றைக்குக் கிளிப்பச்சைப் புடவை கட்டியிருந்தார். கதவுக்குள் நின்ற மேலாளர் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? எச்சிலை மலாயில் விளக்க எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு இனிப்புநீர் வியாதி, மருந்து எடுத்துக்கொண்டார், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும், கொஞ்சம் முன்னால் விட முடியுமா என்று மலாயில் கூசாமல் பொய் சொன்னேன். அந்தப் பெண் பதறிப்போய் உடனே கதவைத் திறந்துவிட்டார். அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

யாரும் தொடாத தட்டுகள் வரிசையாக இருந்தன. கரண்டிகள் எல்லாம் ஈரமில்லாமல் பளபளவென்று இருந்தன. அம்மா ஒரு காலித் தட்டை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"மொதல்ல தம்பிக்கு."

"தம்பிக்குக் கை இருக்குல்ல? நீ எடு."

அம்மா எடுத்தார். மீ, கோழி, இறால், காளான், ஒரு துண்டு மீன். எங்களுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். நான் என் தட்டைத் தொடவே இல்லை. அவர் ஒவ்வொரு வாய் எடுத்து வைப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் எனக்காகச் சிரித்தார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கூட்டம் வருவதற்குள் ஓடிப்போய் இரண்டாவது தட்டு கொண்டுவந்தேன், அதையும் சாப்பிட்டு முடித்தார். பிறந்தநாள் பாட்டுப் போட்டார்கள். ஓய்வு பெற்றதற்கும் அதே பாட்டுத்தான். அந்தப் பாட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

காரைத் தம்பி ஓட்டினான். அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பின்னாலிருந்து எட்டி, "எப்பிடிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"இதையாடி இத்தன வருசமா ரெண்டு பேரும் ஆசையா தின்னீங்க?"

தம்பி சிரித்த சிரிப்பில் கார் ஓரமாக ஒதுங்கிவிட்டது. ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தான். "எனக்கு அந்தக் கடையே புடிக்காதும்மா. நீ ஆசப்படுறன்னு அக்காதான் சொன்னுச்சு. அதான் வாய மூடிக்கிட்டு வந்தேன்லா."

"நானா? நீங்க ரெண்டு பேரும் ஆசப்படுறீங்கன்னுல்ல நெனச்சேன்?"

"எனக்கும் புடிக்காது," என்றேன் நான். என் குரல் எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது. மூன்று பேரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். ஒருவருக்கும் பிடிக்காத இடத்துக்கு, அடுத்தவருக்குப் பிடிக்கும் என்று நம்பிக்கொண்டு, பத்து வருடம் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு போயிருக்கிறோம்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். "புடிக்கலன்னா ஏம்மா ரெண்டு தட்டு தின்ன?"

"நீ பாத்துக்கிட்டே இருந்தியே," என்றார்.

கோபமில்லை, குறையுமில்லை. காரணத்தைச் சொன்னார், அவ்வளவுதான். நான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவர் காட்டிவிட்டார். அன்றைக்கு அந்த மேசையில் பரிமாறப்பட்டது எனக்குத்தான். அது புரிந்தபோது வெட்கமாக இருந்தது.

தம்பி காரை மறுபடி சாலைக்குக் கொண்டுவந்தான். விட்டதைப் பிடிக்கிற அவசரத்தில் நான் முன்னால் சாய்ந்தேன். "சரி, அந்தக் கடைய உட்டுத்தள்ளு. அடுத்த ஞாயித்துக்கெழம ஒனக்குப் புடிச்ச எடத்துக்குப் போவோம். ஒனக்கு என்ன சாப்புடணும், சொல்லு."

"சி ரூசா கடற்கரைக்குப் போவோம். தம்பிக்கு அங்க சுட்ட மீனுன்னா உசுரு."

"தம்பிய உடும்மா. ஒனக்கு."

"வாழையில சாப்பாடு போடுற கட எதுக்காச்சும் போவோம். ஒனக்கு அந்த நண்டு புடிக்குமே."

"என்னையும் உடு."

"ஒங்கப்பாவுக்குக் கருவாட்டுக் கொழம்பு இருந்தாப் போதும், வேற எதையும் திரும்பிப் பாக்க மாட்டாரு..."

"அம்மா, ஒனக்கு. ஒனக்கு என்ன புடிக்கும்?"

அம்மா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். என்னை ஏமாற்றுவதற்காகவோ பேச்சை மாற்றுவதற்காகவோ அல்ல, உண்மையாகவே யோசித்தார். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது போல உதடுகள் அசைந்தன. தம்பி வேகத்தைக் குறைத்தான். இரண்டு சமிக்ஞை விளக்குகள் தாண்டினோம்.

"தெரியலையேம்மா," என்றார் கடைசியில்.

நான் இருக்கையில் பின்னால் சாய்ந்துகொண்டேன். அவருக்குத் தெரியாவிட்டாலும் எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடம் அவர் கையால் வாங்கித் தின்றிருக்கிறேன். வீடு வந்து சேரும்வரை யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.