அந்தக் கோடையின் வெண்டைக்காய்

கடலூரில் இப்போது இருக்கும் வீட்டில், சித்திரை வெயிலில் கத்தரிப் பாத்திக்கு ஹோஸ் பிடித்தேன். சூடான மண்ணில் தண்ணீர் பட்டதும் ஆவி எழுந்து மூக்கில் ஏறியது. அந்த வாசனை என்னைப் பத்து வயதுக்கு, நெய்வேலி குவார்ட்டர்ஸின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அம்மா வெண்டை விதை ஊன்றிய வாரமே காய்ச்சலில் போய்விட்டாள். காரியம் முடிந்ததும் உறவினர்கள் மதுரைக்கு பஸ் ஏறினார்கள். மைன்ஸில் முதல் ஷிஃப்ட் முடித்து வரும் அப்பா, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் செடிகளுக்குத் தண்ணீர் விடுவார். அனல்மின் நிலையத்திலிருந்து பறந்து வந்து இலைகளில் படிந்த சாம்பல் கரைந்து வழியும். அவர் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா கம்மாபுரத்துக்காரர். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னா சார், இந்த வெயில்ல ஊத்திக்கினு இருக்கீங்க? சாயந்தரமா ஊத்துங்க" என்றார்.

"அவ போட்டதும்மா. காயவிட மனசு வரல" என்றார் அப்பா.

காய் பிடித்ததும் அவரே பறித்தார். நறுக்கிய பிறகு கழுவி வதக்கியதால் சட்டியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. அப்படியே சாப்பிட்டோம். மறுநாளும் அதே வழவழப்புதான். சட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அம்மா இத எப்படிப் பண்ணுவா பாப்பா?"

யோசித்துப் பார்த்தேன். அம்மா சமைக்கும்போது நான் ஒருநாளும் பக்கத்தில் நின்றதில்லை.

"தெரியலப்பா."

தலையை ஆட்டிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி வைத்தார். அந்தக் கோடை முழுக்கச் செடிகள் காய்த்துக்கொண்டே இருந்தன. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தோம்.