பின்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்தவர்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலையிலிருந்து புளி மூட்டை இறக்குவதற்காக, ராணுவ ஏலத்தில் ஒரு பழைய லாரி எடுத்தேன். அதை அறுத்துக் குட்டையாக்கி, பாதையே இல்லாத இடத்திலும் ஏறுகிற வண்டியாக மாற்றித் தந்தவர் போளூர் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். பொறி பட்டுப் பட்டு அவருக்குப் புருவமே கிடையாது. பற்றவைத்தது எதுவானாலும் தன் உடம்பை வைத்துத்தான் சோதிப்பார். ஏணி என்றால் முதலில் அவரே ஏறுவார்.

ஹேண்ட்பிரேக்குக்குப் புதுக் கேபிள் வேண்டும் என்றார். “ஏற்கெனவே செலவு ஜாஸ்தி பாய், பழசே போதும்” என்று எரிந்து விழுந்தேன். பழசையே மாட்டினார்.

வேங்கிக்கால் ஏரிக்கரை மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தச் சொன்னார். பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். அவர் இறங்கிப் போய், பின்சக்கரத்துக்குப் பின்னால், அதை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இப்ப கால எடுங்க சார்.”

“பாய், எழுந்து வாங்க!”

“பழசே போதும்னு சொன்னீங்களே. எடுங்க.”

மிதித்த கால் வழுக்கிவிடுமோ என்று இரண்டு காலாலும் அழுத்தினேன்.

“புதுசே வாங்கிடலாம் பாய்!” என்று கத்தினேன்.

எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டார். பிறகுதான் சக்கரத்துக்குக் கல் வைத்தார். அதுவரை அங்கே கல்லே இல்லை.

“பழசு தாங்கியிருக்குமா பாய்?”

“யாருக்குத் தெரியும் சார்?”

தெரியாமலா அங்கே போய் உட்கார்ந்தார்?