கடல்மட்டம் பார்த்த அபூதாஹிர்

மூதூர் அபூதாஹிருக்கு வாழ்க்கையில் ஒரேயொரு அரசாங்க வேலைதான் கிடைத்தது. அதுவும் முப்பது நாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைச் சீனன்குடாவில் எண்ணெய் சேமிக்கும் குதங்களை இலங்கையும் இந்தியாவும் சேர்ந்து பயன்படுத்துவதென்று ஒரு திட்டம் பேசப்பட்டது. அக்கரையிலிருந்து வரும் எண்ணெய்க் கப்பல்கள் அணைய ஒரு புதிய துறை வேண்டும். அதற்குமுன் கடல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தெரிய வேண்டும். கோடுகள் இட்ட ஒரு கம்பைக் கரையோரத் தண்ணீரில் நட்டு, மணிக்கொருதரம் பார்த்தெழுத இரண்டு பேரை வைத்தார்கள். இரவுக்குச் சாம்பல்தீவு இராசையா, பகலுக்கு அபூதாஹிர்.

முப்பது நாளும் இடைவெளி விழக்கூடாதென்று பொறியியலாளர் சிவகுருநாதன் முதல் நாளே சொல்லிவிட்டார். தான் ஒரு மணி தவறினால் இரண்டு நாட்டின் திட்டமும் குலைந்துவிடும் என்று அபூதாஹிர் நம்பினார். கடலில் இருபது வருடம் கிடந்த அந்த மனிதரை நம்பி அதுவரை யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. வீட்டுப் பக்கமே அவர் போகவில்லை. பிள்ளைகள் இல்லை. காய்ச்சலில் கிடந்த மனைவி லைலாவை அவள் தம்பி முனாப் பார்த்துக்கொண்டான்.

இருபத்தாறாம் நாள் காலை முனாப் மூதூரிலிருந்து லாஞ்சுப் படகில் குடாவைக் கடந்து, பஸ் பிடித்து, கம்படிக்கே வந்து நின்றான்.

"மச்சான், ராத்தா உங்களத்தான் கேக்கிறா. பகல் லாஞ்சுக்கே போயிருவம்."

"இராசையா மகளுக்கு மாப்பிள்ளை பாக்க நிலாவெளிக்குப் போயிட்டார். பொழுதுபடத்தான் வருவார். அதுமட்டும் ஏலாது."

"கடல் எங்கயும் ஓடிராது மச்சான்."

அபூதாஹிர் பதினொரு மணிக் கோட்டை எழுதினார். முனாப் தனியே திரும்பிப் போனான்.

மாலையில் இராசையா வந்ததும் அபூதாஹிர் ஒரு மீன்பிடி வள்ளத்தில் மூதூருக்கு ஓடினார். லைலா பிற்பகல் அசர் தொழுகை நேரத்திலேயே மௌத்தாகியிருந்தாள். அடக்குவதற்குமுன் முகம் காட்டுவதற்காக அவருக்குக் காத்திருந்தார்கள். அந்த முகத்தில் கோபம் இருக்குமென்று பயந்து பார்த்தார், அதுகூட இல்லை.

மறுநாள் பகல் முழுதும் கம்பு ஆளில்லாமல் நின்றது. அடுத்த நாள் காலை, குற்றவாளியைப் போல், அபூதாஹிர் சிவகுருநாதனின் முன் போய் நின்று, நேற்றைய பகல் வெறுமையாகப் போனது தன்னால்தான் என்றார்.

சிவகுருநாதன் வரைபடத் தாளை விரித்து, முந்திய நாள் வளைவைப் பார்த்து, வெற்றிடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

"ஒரு பகல் இல்லாட்டி ஒண்டும் கெடாது, காக்கா. கடல் முந்தநாள் செய்ததைத்தான் முக்கால் மணித்தியாலம் பிந்தி நேற்றும் செய்திருக்கும். சரி, ஏன் வரேல்லை?"

"வீட்டில கொஞ்சம் வேலை, சேர்."

மிச்சமிருந்த மூன்று பகலும் ஒரு மணி தவறாமல் எழுதிக்கொடுத்தார். திட்டம் இரண்டு நாட்டுக் கடிதங்களோடு எங்கோ நின்றுபோனது. எண்பத்திரண்டாம் வருடம் அபூதாஹிர் கண்மூடும்வரை, பக்கத்து வளவு வீட்டில் இருந்த முனாப் அவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.